கையில் காசு, வாயில் தோசை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜப்பான் போய் வந்ததைப் பற்றி பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். புல்லட் ரயிலையும் கோயில்களையும் நீங்கள் யூடியூபிலேயே பார்த்துவிடுவீர்கள். அதனால் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு நான் கடன் சொன்ன கதையை மட்டும் சொல்கிறேன்.

2024 நவம்பரில் நானும் வீட்டுக்காரம்மாவும் ஒரு குழுவோடு போனோம். கியோட்டோவில் ஒரு மாலை, அவரவர் இஷ்டப்படி சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஹோட்டலிலிருந்து இருபது நிமிடம் நடந்து, ஒரு சந்தில் சின்னக் கடைக்குள் நுழைந்தோம். எட்டுப் பேர்தான் உட்காரலாம். என் வயதிருக்கும் ஒரு பெரியவர். சமையல், பாத்திரம், கல்லா எல்லாம் அவர் ஒருவரே. உடோன் என்று, கோதுமை மாவில் செய்த தடித்த நூடுல்ஸ். மேலே பொரித்த இறால். குளிருக்கு அந்தச் சூடான சாறு அமிர்தமாக இருந்தது. இரண்டு கிண்ணத்துக்கு 2,180 யென். நம் கணக்கில் சுமார் 1,200 ரூபாய்.

கார்டை நீட்டினேன். பெரியவர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். அங்கே அப்படிக் காட்டினால் "கிடையாது" என்று அர்த்தம். வாசல் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி "கென்கின் நோமி" என்றார். ரொக்கம் மட்டும்.

என் பையில் 400 யென் சில்லறைதான். டாலரைக் காட்டினேன், தலையாட்டிவிட்டார். தெருமுனைக் கடையில் ஏடிஎம் இருந்தது. மனைவியை அடகு வைத்த மாதிரி உட்கார வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு முறை போட்டும் கார்டை இயந்திரம் ஏற்கவில்லை. பிறகுதான் புரிந்தது. வெளிநாட்டில் பொருள் வாங்கும் வசதியை ஆப்பில் திறந்துவிட்டேன். ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வசதியைத் திறக்கவில்லை. இரண்டும் தனித்தனி ஸ்விட்ச். அதைப் போட இணையம் வேண்டும். ரோமிங் எடுக்காத எனக்கு ஹோட்டல் வைஃபைதான் கதி. 34 வருடம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் செய்த வேலை இது!

திரும்பி வந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன். அவர் பதறிப்போய் வேண்டாம் என்றார். தன் போனில் ஏதோ பேசி, ஆங்கிலத்தில் வந்ததைக் காட்டினார்: "நாளை கொடுங்கள், பரவாயில்லை." பெயர் கேட்கவில்லை, எந்த ஹோட்டல் என்றும் கேட்கவில்லை.

வழியில் மனைவி கேட்டாள்: "நீங்க அந்த இடத்துல இருந்தா விட்டிருப்பீங்களா?" நான் பதில் சொல்லவில்லை. ஜாமீன் கையெழுத்து இல்லை, ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! விதி அது, தப்பில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்தியது.

ஹோட்டலில் ஸ்விட்ச்சைப் போட்டு, பக்கத்து ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு திரும்ப நடந்தேன். கடை பூட்டிவிட்டது. மறுநாள் காலை ஏழரைக்கு எங்கள் பஸ் கிளம்பிவிடும். கதவிடுக்கில் போட்டுவிடலாம் என்று 2,200 யென்னைக் கவரில் வைத்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லி "நேற்றிரவு இரண்டு உடோன்" என்று ஜப்பானியில் எழுதி வாங்கினேன். காலை ஆறு மணிக்குப் போனால் உள்ளே விளக்கு எரிகிறது. சாறு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் கவரை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கி, பிரித்து எண்ணி, மீதி 20 யென்னைச் சின்னத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். அங்கே டிப்ஸ் வழக்கமே இல்லை.

அவ்வளவு முன்னேறிய நாட்டில் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். கார்டு வாங்கினால் ஒவ்வொரு பில்லிலும் கடைக்காரர் கமிஷன் கொடுக்க வேண்டும். பணமும் சில நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு அது கட்டாது. நம் கீரைக்காரம்மா க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார் என்றால், 2020 ஜனவரி முதல் யூபிஐக்கு வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜப்பானில் ரொக்கமில்லாச் செலவு நாற்பது விழுக்காட்டைத் தாண்டியதே 2024-ல்தான்.

அந்த ஆண்டு ஜூலையில் அங்கே புது நோட்டுகளும் வந்தன. 10,000 யென் நோட்டில் இருப்பவர் ஷிபுசாவா எய்இச்சி. 1873-ல் ஜப்பானின் முதல் நவீன வங்கியை நிறுவியவர். வங்கிக்காரர் படம் போட்ட நோட்டு கையில் இல்லாமல்தான் நான் விழித்தேன்!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே வைத்துத்தான் இப்போது கார்டு தருகிறார்கள். கடை, இணையம், ஏடிஎம் மூன்றையும் இங்கேயே பார்த்துத் திறந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள்.

2. அந்த நாட்டுப் பணமாக இரண்டு நாள் சாப்பாட்டுக்காவது இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டாக எடுத்துப் போகலாம்.

3. ஏடிஎம் "ரூபாயில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் என்றால் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

4. பெரிய நோட்டை முதலில் மாற்றிவிடுங்கள். டோக்கன் இயந்திரம் வைத்த பல கடைகளில் 1,000 யென் நோட்டும் நாணயமும்தான் செல்லும்.

5. நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுங்கள். இங்கே நாணய மாற்றுக்காரர்கள் பொதுவாக நோட்டை மட்டுமே வாங்குவார்கள்.

6. உட்காருவதற்கு முன் கார்டைக் காட்டி "வாங்குவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் என் கதைதான்.

கடைசியாக ஒன்று. போன வாரம் நம் வாசலுக்கு வரும் காய்கறி வண்டிக்காரரிடம் 85 ரூபாய்க்கு வாங்கினேன். சர்வர் வேலை செய்யவில்லை. "நாளைக்குக் குடுங்க சார்" என்றார். எத்தனையோ முறை அவர் சொன்னதுதான். இந்தத் தடவைதான் அது காதில் விழுந்தது. மறுநாள் காலை நானே வண்டியைத் தேடிப் போய்க் கொடுத்தேன். ரொக்கமாக.