தொட்டிச் சுவரில் ஒரு நுரைக்கூடு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், தோட்டத்துத் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி ஒட்டியிருக்கும். யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். அது மரத்தவளையின் முட்டைக்கூடு.

தலைப்பிரட்டை வளர்ப்பதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆனால் இந்த நுரையை விட்டு எனக்கு நகர மனம் வருவதில்லை. ராத்திரியில் பெண் தவளை சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். அதைவிடச் சிறிய ஆண் அதன் முதுகில். முட்டையோடு சேர்ந்து வரும் திரவத்தைப் பெண் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கும், ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது மாதிரி. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். விடிந்ததும் நுரையின் வெளிப்புறம் காய்ந்துவிடும்; உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். தண்ணீரில் காத்திருக்கும் மீனுக்கும் தட்டானின் குஞ்சுக்கும் எட்டாத உயரம், பாருங்கள்! சில நாட்களில் கூட்டின் அடிப்பக்கம் இளகும். குஞ்சுகள் நெளிந்து நெளிந்து தண்ணீரில் சொட்டும்.

நான் உயிரியல் ஆசிரியை. கூட்டைப் பெயர்த்து வாளியில் போட்டு வகுப்புக்கே கொண்டுவரட்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கூட்டைத் தொடாதே, கீழே தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்" என்பேன். ஒரு மாணவி வீட்டில் வாழை இலையில் கூடு; கீழே இருந்த குட்டை வற்றிப்போனது. அவள் அம்மாவின் இட்லிக் குண்டானில் தண்ணீர் நிரப்பி அடியில் வைத்துவிட்டாள். குஞ்சுகள் அதில்தான் விழுந்தன. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் தோசைதானாம்.

வளர்ப்பதில் மற்றதெல்லாம் சுலபம். மழைத் தண்ணீர் உத்தமம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். தொட்டிப் பாசியே பாதிச் சாப்பாடு. வெந்த கீரை கொஞ்சம் போடலாம், மிச்சம் அழுகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கொசு வருமே, கப்பி மீன் விடலாமா என்கிறீர்களா? கொசுப்புழு போகும், கூடவே தலைப்பிரட்டையும் போகும். அதற்குப் பதில் மேலே கொசுவலை கட்டுங்கள். வயல் குட்டையிலிருந்து அள்ளி வந்ததையும் இதில் கலக்க வேண்டாம். பெரிய வயல் தவளையின் குஞ்சு மற்றக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால். முன்னங்கால் வந்தால் வலையை எடுத்துவிட்டு, சரிவாக ஒரு கல்லோ மட்டையோ தொட்டிக்குள் சாய்த்து வையுங்கள். செவுள் போய் நுரையீரல் வந்துவிட்ட உயிர் அது. ஏற வழியில்லாவிட்டால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்போது அது சாப்பிடாது. வால் கரைந்து உடம்புக்குள் சேரும், அதுவே ஆகாரம். கீரை போட்டு வற்புறுத்தாதீர்கள்!

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தேரை முட்டையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இந்த மழைக்கு உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு ஜோடி வரட்டும்.