அடைத்த கோயிலும் அகத்து வழிபாடும்



கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் என்னும் ஊர் இருக்கிறது. தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் வட்டாரம் அது. முன்பு சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலம் வட்டம், 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஆதலின் அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பல, அயல் மாநிலம் நாடிப் போனவை அல்ல. அவை இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் நகர்ந்தது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நமக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. குலதெய்வத்தை ஊரில் விட்டுவிட்டு ரயில் ஏறியவர்கள் நாம்.

அந்த ஹனூர்ப் பகுதியிலே, சுள்வாடி என்னும் சிற்றூரில் ஒரு மாரம்மன் கோயில் உண்டு. 2018 டிசம்பர் 14ஆம் நாள் அங்குக் கோபுரத் திருப்பணி தொடங்கும் விழா நடைபெற்றது. விழாவுக்கு வந்தோர்க்குப் பிரசாதமாகச் சோறு வழங்கினர். உண்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தனர். பதினேழு பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூர் முதலிய ஊர்களின் மருத்துவமனைகளில் கிடந்தனர். சோற்றில் பூச்சிக்கொல்லி கலக்கப்பட்டதென்றும், கோயில் நிருவாகத்தை யார் கையில் வைத்துக்கொள்வது என்ற போட்டியே அதற்குக் காரணமென்றும் காவல் துறை கூறியது. குற்றம் யாருடையது என்று சொல்லுதல் நீதிமன்றத்தின் வேலை, நம் வேலையன்று. கோயில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது என்பதே இங்கு நாம் எண்ண வேண்டிய செய்தி.

கதவு அடைபட்ட அந்நாட்களில், வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கேற்றி வந்த ஒரு தாய் என்ன செய்திருப்பாள்? நம்பிக்கையோடு கை நீட்டி வாங்கிய சோறே நஞ்சாயிற்று. இனி அவளுக்கு வழிபாடு என்று ஏதேனும் எஞ்சுமா? எஞ்சுமென்றால் அஃது எங்கே எஞ்சும்? சமய அமைப்புகளுக்கு வெளியே தனி மனிதனின் ஆன்மிகம் என்று பலரும் இன்று பேசுகின்றனர். அதனை ஓய்வு நேரத்துச் சிந்தனையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சுள்வாடி போன்ற ஓர் ஊரில் அது வாழ்வுக்கு வேண்டிய கேள்வியாகிறது.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1902இல் நூலாக்கியபோது, கோயிலமைப்பையும் குருமாரையும் ஒரு புறம் ஒதுக்கினார். தனி மனிதன் தன் தனிமையில் தெய்வத்தோடு கொள்ளும் உறவையே ஆராய்ந்தார். நமக்கு இது புதிதன்று. உள்ளத்தையே கோயிலாகக் கண்ட திருமூலரும், வெளிச்சடங்குகளை எள்ளி நகையாடிய சிவவாக்கியரும் நம்மவர்களே. ஹனூர் வழங்கும் கன்னட மொழியிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் உடலையே ஆலயமாகக் கொண்டு வசனங்கள் பாடினார். கல்லாலான கோயில் செல்வர்களுக்கு எளிது. இல்லாதவன் என்ன செய்வான் என்ற வருத்தம் அப்பாடல்களின் அடியில் ஓடுகிறது.

மாதேஸ்வரன் மலையிலும் இதன் சாயலைக் காணலாம். வெண்கலத் தாளமாகிய கம்சாளையைத் தட்டிக்கொண்டு, மாதேஸ்வரன் கதையை இரவெல்லாம் பாடும் தொண்டர்கள் அங்கு உண்டு. பெரும்பாலோர் ஏட்டைப் பார்த்தல்லர், செவிவழியே கற்றவர்கள். கோயிலின் வருவாயும் விடுதிகளும் எத்துணை வளர்ந்தாலும், அந்தப் பாட்டு ஒரு குடிசைத் திண்ணையிலும் குறையின்றி நடக்கும்.

எனினும், அமைப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுதல் எளிதன்று. கோயிலைக் கடந்து பாடிய பசவண்ணரின் பெயராலேயே பின்னர் மடங்கள் எழுந்தன. நம் இராமலிங்க வள்ளலாரும் சாதியையும் சமயப் பிணக்கையும் வெறுத்தவர்தாம். அவரே 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும், 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவினார். இதனை முரண்பாடு என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் முதலில் கட்டியது சபையன்று, அடுப்பு. பசித்தவனைக் கண்டு உள்ளம் இளகுதலே கடவுள் வழிபாடு என்று அவர் கொண்டார். அந்த இளக்கம் தனி மனிதனின் நெஞ்சிலே பிறப்பது. ஆனால் நூறு பேர்க்குச் சோறு வடிக்க ஒருவர் நெஞ்சு போதாது. விறகு வேண்டும், அரிசி வேண்டும், அவற்றைக் கணக்கு வைக்க ஆள் வேண்டும். அமைப்பு அங்கேதான் பிறக்கிறது. பூசலுக்கும் அங்கேதான் இடம் உண்டாகிறது.

வடலூர் அடுப்பையும் சுள்வாடிச் சோற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் மனம் கலங்குகிறது. இரண்டும் அன்னமே, இரண்டும் கடவுளின் பெயரால் பரிமாறப்பட்டவையே.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் இதனைச் சற்றே நம்மை நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூடும் நம் சங்கங்களில், முதல் மாலை யாருக்கு, அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்னும் பிணக்கு ஓராண்டேனும் எழாமலிருந்ததுண்டா? பிணங்கி வெளியேறியவர்கள் வேறொரு சங்கம் கண்டதும் உண்டு. மற்றொரு புறம், சங்கம் எதிலும் சேராமல், அலுவலகம் செல்லுமுன் சமையலறை மாடத்தில் ஒரு விளக்கேற்றி, ஊர்த் தெய்வத்தின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போகும் பெண்களையும் நாம் அறிவோம். அவர்களுக்குப் பூசாரி இல்லை, உண்டியல் இல்லை. ஆயினும் பக்கத்து வீட்டு இந்திக்காரக் கிழவி நோயில் விழுந்தால், கஞ்சி கொண்டு போவது பெரும்பாலும் அவர்களே.

சுள்வாடிக் கோயில் 2020இல் மீண்டும் திறக்கப்பட்டது. உறவினரை அங்கேயே பறிகொடுத்த ஊரார் அதே வாசலுக்குத் திரும்பினர். மாரம்மன்மீது அவர்களுக்குக் கோபம் இருந்ததோ, இல்லையோ, நாம் சொல்லுதல் தகாது. அவளையும் அவள் பெயரால் நிருவாகம் செய்தவர்களையும் அந்த எளிய மக்கள் வேறு வேறாகவே வைத்திருந்தனர் என்று மட்டும் நமக்குத் தோன்றுகிறது.