கத்தி செய்ய மில்லிங் மெஷின்: எதை வாங்கணும், எப்போ வாங்கணும்?

போன மாசம் கடமலைக்குண்டுல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணே, கையில ஒண்ணரை லட்சம் இருக்கு. ஒரு மில்லிங் மெஷின் பார்த்து வச்சிருக்கேன். போட்டோ அனுப்புறேன், வாங்கலாமான்னு மட்டும் சொல்லுங்க."

அந்தக் காசு ரெண்டு வருஷம் தென்னந்தோப்புல வேலை பார்த்துச் சேர்த்தது. தப்பான மெஷின்ல போட்டுட்டா திரும்பச் சேர்க்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதனால நானும் உட்கார்ந்து படிச்சேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல, கத்தி செய்ய இது எதுக்கு? நம்ம ஊர்ப் பட்டறைகள்ல லாரி கமான் பட்டையைக் காய்ச்சி அருவா அடிக்கிறவங்க யாரும் மில்லிங் மெஷின் வச்சிருக்கலை. உலை, சம்மட்டி, அரம், சாணை, அவ்வளவுதான். கத்தியோட சரிவான முனையைப் பொதுவா மில்லிங் மெஷின்ல செய்யுறதில்லை. அது பெல்ட் கிரைண்டர் வேலை. மில்லிங் மெஷின் உதவுற இடம் வேற. விரல் வழுக்கி அலகுல படாம இருக்க ஒரு பித்தளைத் துண்டு வைப்பாங்க இல்லையா, கார்டுன்னு சொல்வாங்க. அதுல அலகு இறுக்கமா நுழைய ஒரு காடி வெட்டணும். அப்புறம் மடக்குக் கத்தியோட பாகங்கள். அந்த மாதிரி அளவு துல்லியமா வேண்டிய வேலைகளுக்குத்தான் இது.

"ட்ரில்லிங் மெஷின்லயே கட்டரை மாட்டி வெட்டலாமே?"ன்னு கேட்டான். காலேஜ் ப்ராஜெக்ட்ல நான் அதைச் செஞ்சிருக்கேன். சக்கு டேப்பர்ல உராய்வுல மட்டும்தான் நிக்குது. கீழ்நோக்கி அழுத்துறவரைக்கும் பிரச்சினை இல்லை. பக்கவாட்டுல தள்ளினதும் சக்கு கழண்டு விழுந்துச்சு, கட்டர் உடைஞ்சு தெறிச்சது. கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சேன். அதை யாரும் செய்யாதீங்க.

சரி, வாங்குறதா இருந்தா எதைப் பார்க்கணும்?

ஒண்ணு, எடை. எக்ஸ்2 வகை சின்ன மெஷின் 50, 60 கிலோ இருக்கும். ஆர்எஃப்-45 வகை 300 கிலோ பக்கம் வரும். இரும்பு வெட்டும்போது மெஷின் அதிர்ந்தா வெட்டின இடம் அலை அலையா வரும், கட்டரும் சீக்கிரம் போயிடும். வீட்டுத் தளமும் வாசலும் தாங்குற அளவுக்குக் கனமானதா எடுக்கணும்.

ரெண்டு, தூண். தம்பி அனுப்பின போட்டோவுல இருந்தது உருண்டைத் தூண். அதுல தலையை ஏத்தி இறக்கினா கொஞ்சம் திரும்பிடும். துளை போட்டுட்டு, நீளம் கம்மியான ரீமர் மாட்ட தலையை இறக்கினீங்கன்னா பழைய மையம் போச்சு, திரும்பத் தேடணும். டவ்டெயில் தூண்ல தலை நேரா ஏறி இறங்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் நிம்மதி.

மூணு, ஸ்பிண்டில். எம்டி3-ன்னா கட்டரை எடுக்க ஒவ்வொரு தடவையும் மேல தட்டணும். ஆர்8 லேசா விட்டுடும். ஆனா உங்க பக்கத்து டூல் கடையில எதுக்குக் காலெட் கிடைக்குதுன்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

நாலு, வேகம். 4 மி.மீ. ஹெச்எஸ்எஸ் கட்டர்ல மைல்டு ஸ்டீல் வெட்ட, நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு கணக்குப் போட்டா சுமார் 2,000 சுத்து வேணும். அதுக்கும் கீழ நிக்கிற மெஷின் சின்னக் காடிக்கு மந்தம். மோட்டார் சிங்கிள் பேஸ்ல ஓடுமான்னும் கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, மொத்தக் காசையும் மெஷின்லயே போடாதீங்க. வைஸ், கிளாம்ப், காலெட், கட்டர், டயல் இண்டிகேட்டர், இது எதுவும் இல்லாம மெஷின் வெறும் இரும்புத் துண்டு. பாதிப் பணம் இதுக்கே போயிடும். அலகுல வெட்ட வேண்டியதையெல்லாம் பதம் வைக்கிறதுக்கு முன்னாடியே வெட்டி முடிச்சிடுங்க. பதம் ஏறின அலகுல ஹெச்எஸ்எஸ் கட்டர் நிக்காது, கார்பைடு வேணும்.

இதெல்லாம் சொல்லிட்டு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஆறு மாசத்துல எத்தனை கத்தி செஞ்ச? அதுல கார்டு வச்சது எத்தனை?" எண்ணிட்டு வந்தான். பதினாலு கத்தி, கார்டு வச்சது மூணு. அந்த மூணு காடியையும் வரிசையாத் துளை போட்டு அரத்தாலயே ராவி எடுத்திருக்கான், ஒவ்வொண்ணுக்கும் அரை நாள். ஆறு மாசத்துல ஒன்றரை நாள் வேலையை மிச்சம் பண்ண ஒண்ணரை லட்சம். மிச்சப் பதினோரு கத்தியிலயும் அவன் திணறுனது முனை தேய்க்கிற இடத்துல.

ஆபீஸ்ல தேவை என்னன்னு எழுதாம கோடு எழுத உட்கார்ந்து எத்தனை தடவை மாட்டியிருக்கோம், அதேதான் இதுவும்.

அவனுக்கு வருத்தம்தான், ரெண்டு நாள் போன் எடுக்கலை. இப்போ நல்ல பெல்ட் கிரைண்டர் ஒண்ணு வாங்கியிருக்கான், மீதிக் காசு பேங்க்ல இருக்கு. மாசம் பத்து கார்டு கேட்டு ஆர்டர் வர்ற அன்னைக்கு மில்லிங் மெஷின் வாங்குவான். அன்னைக்கு டவ்டெயில் தூணான்னு அவனே பார்த்துக்குவான்.

நீங்களும் ஏதாவது மெஷின் வாங்க யோசிச்சுட்டு இருந்தா, முதல்ல போன ஆறு மாச வேலையை எண்ணிப் பாருங்க.