சதையோடு ஒட்டிய மருந்து

மீனிலும் இறாலிலும் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறோம்? குளோரம்பெனிகால், டெட்ராசைக்ளின் என்று நாங்கள் தேடுவது பல. அவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது நைட்ரோபியூரான் சோதனை. அதையே இன்று சொல்கிறேன்.

விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் பண்ணைகளில் நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்குத் தடை. இந்தியாவிலும் தடை, நம் இறாலை வாங்கும் ஐரோப்பாவிலும் தடை. ஆனால் மருந்தை நேராகத் தேடினால் அகப்படாது. இறாலின் உடம்புக்குள் போன சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதைந்த துண்டோ புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். ஐஸில் வைத்தாலும் போகாது. குழம்பில் கொதித்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அந்தத் துண்டைப் பிரிக்க, அரைத்த சதையில் நீர்த்த அமிலம் ஊற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். இந்த வகையைச் சேர்ந்த பியூரசோலிடோனின் துண்டுக்கு மூலக்கூறு எடை வெறும் 102. அவ்வளவு சிறியதைக் கருவி தெளிவாக அடையாளம் காணாது. அதனால் நைட்ரோபென்சால்டிஹைடையும் அமிலத்தோடு சேர்க்கிறோம். புரதத்தை விட்டு வந்த துண்டு அதனோடு இணைந்து 235 ஆகிறது. காலையில் அமிலத்தைச் சமன்செய்து, எத்தில் அசிடேட்டில் இறக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புகிறோம். 2022 நவம்பர் முதல் ஐரோப்பாவின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஆயிரம் டன் இறாலில் அரை கிராம்! அதையும் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ஒருமுறை, அரைத்தே வந்த இறால் மாதிரியொன்றில் செமிகார்பசைடு தெரிந்தது. அதே வகையைச் சேர்ந்த நைட்ரோபியூரசோன் விட்டுப்போகும் துண்டு அது. "சத்தியமா மருந்தே போடலைங்க மேடம்" என்றார் பண்ணைக்காரர், குரல் உடைந்து. விசாரித்தால், ஓட்டோடு சேர்த்து அரைத்திருக்கிறார்கள். இறால் ஓட்டில் செமிகார்பசைடு இயற்கையாகவே உண்டு, நேயர்களே! அதே குளத்து இறாலை வாங்கி, ஓட்டை உரித்து, சதையை மட்டும் சோதித்தோம். ஒன்றுமே இல்லை. கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஒருவர் பிழைப்பை முடிவுசெய்யக் கூடாது என்பதில் அன்றிலிருந்து நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் எலைசா ஆய்வகங்களில் அறுவடைக்கு முன்பே மாதிரியைச் சோதித்துத் தருகிறார்கள். வலை போடும் முன் நீங்கள் அங்கே போவீர்கள் என்று நம்புகிறேன்.