கோயிலும் கூடமும்: ஓஃபிர் சாலையில் தமிழ் இருந்த இடம்



சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா கோயிலை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டோம். 1886இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1888இல் திறக்கப்பெற்ற அக்கோதிக் பாணிக் கட்டடம், 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். அதன் கோபுரத்தைப் பற்றிப் பேசக் கட்டடக்கலை அறிஞர் இருக்கின்றனர். அவ்வளாகத்தில் தமிழ் எங்கே இருந்தது என்பதே நம் வினா.

இந்நகரின் தமிழ்க் கத்தோலிக்கர் தொடக்கத்தில் நல்லாயன் கோயிலிலும், பின்னர் 1870இல் எழுந்த குவீன் தெருக் கோயிலில் சீனக் கத்தோலிக்கருடனும் வழிபட்டனர். தமக்கென ஒரு கோயில் அமைந்தது பிரெஞ்சுக் குருவாகிய மெனெவ்ரியே அடிகளின் முயற்சியால். அதை ஒட்டிப் பள்ளிக்கூடமும் நடந்தது. அப்பள்ளியின் பெயரில் ‘மலபார்’ என்றிருப்பது கண்டு கேரளத்தை நினைக்க வேண்டா. ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் நெடுங்காலம் அப்படித்தான் அழைத்தனர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. போர்த்துகீசியரின் ‘ஜனேலா’ நமக்குச் சன்னல், மலாயருக்கு ‘ஜெண்டேலா’. அவர்களுடைய ‘மேசா’ நமக்கு மேசை, மலாயருக்கு ‘மேஜா’. பாதிரியும் அவ்வாறே இரு மொழிகளிலும் புகுந்தார். ஆயின் ‘இக்ரேஜா’ மலாயில் ‘கெரேஜா’ ஆயிற்று. தமிழில் நுழையவே இல்லை. தமிழ்க் கத்தோலிக்கர் கோயில் என்ற தம் சொல்லையே வைத்துக்கொண்டனர். அதே சொல் மலாயில் ‘குயில்’ எனச் சென்று, பெரும்பாலும் இந்துக் கோயிலைக் குறித்து நிற்கிறது. ஒரே தெருவில் தமிழர் கோயில் என்பதை மலாயர் கெரேஜா என்பர். இருவரும் பிழை செய்யவில்லை.

சொல் தமிழாயினும் பீடத்தின் மொழி இலத்தீனே. மறையுரை தமிழில், பாடலும் செபமாலையும் தமிழில். பூசை மந்திரங்களோ மக்களுக்குப் புரியாத மொழியில். ஆகவே தமிழர் கோயிலில் தமிழ் முழுமையாகப் புழங்கிய இடம் பீடம் அன்று, அதைச் சூழ்ந்த முற்றமும் பள்ளிக்கூடமுமே என்பது எம் துணிபு. பள்ளிக்கூடம் என்னும் சொல்லிலேயே கூடம் அடங்கியிருக்கிறது. இந்நாட்டுக் கோயில்களை ஒட்டிய மண்டபங்களைப் புறக்கட்டடம் என்று வரலாறு ஒதுக்கிவிடுகிறது. மொழி வரலாற்றில் அவை புறம் அல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நிறைவுற்றது. அதன் பயனாகத் தமிழ் பீடம் ஏறிற்று. பூசை ‘திருப்பலி’ ஆயிற்று; ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆயிற்று; சர்வேசுரன் மெல்ல மறைந்தார். (அவரை இழந்ததில் எமக்குச் சிறிது வருத்தமுண்டு; ஓசை மிக்க சொல்.) பத்தாண்டு கழியுமுன், 1974இல், அக்கோயில் தமிழருக்கு மட்டும் என்னும் நிலை நீங்கி, எல்லா இனத்தார்க்கும் உரிய பங்கு ஆனது. அயலார் கூடி வாழும் ஊரில் அது முறையானதே. எனினும் காலக்கணக்கைப் பாருங்கள்: ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் காத்திருந்து தமிழ் பீடத்தை அடைந்தது, அடைந்த சிறிது காலத்தில் அந்தப் பீடத்தைப் பிற மொழிகளோடு பகிர வேண்டியதாயிற்று. ‘பங்கு’ என்ற சொல்லின் நேர்ப்பொருளும் அதுதான்.

இன்று தமிழ்த் திருப்பலி, கால அட்டவணையில் ஒரு பகுதி. அது முடிந்தபின் மக்கள் நின்று பேசும் இடத்தில்தான் பழைய சொற்கள் எஞ்சியுள்ளன. மூதாட்டிக்கு அது இன்னும் பூசை, மகளுக்குத் திருப்பலி, பெயரனுக்கு மாஸ். மாதாவின் குகையைக் ‘கெபி’ என்பது ஏனைத் தமிழர் அறியாத வழக்கு. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்னும் உறவுப்பெயர்களை இளையோர் ஆங்கிலத்திலேயே சொல்கின்றனர். இம்மன்றத்து இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்வராயின், குருவிடம் தொடங்க வேண்டா. கூடத்தில் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அம்மாவிடம், அவருடைய ஞானத்தாய் யார் என்று கேட்டுத் தொடங்குக.