ரசத்தை ஊற்றுங்கள், கடையைச் சொல்கிறேன்!

('தலைநகர் உணவகங்கள் நம் நாக்குக்கு உகந்தவையா?' என்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்திலிருந்து வந்து கலந்துகொண்ட வாடிக்கையாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய ஐயா, "வாடிக்கையாளருக்குச் சாப்பிடத் தெரியும், கடை நடத்துகிற கஷ்டம் தெரியாது" என்றார். ஒத்துக்கொள்கிறேன். நான் கடை நடத்தியவன் அல்ல. சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். முப்பது வருடமாக மாதம் இரண்டு முறையாவது கோலாலம்பூருக்கு வந்து, சொந்தக் காசைக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். பேசுவதற்கு எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான்.

1995-ல் கொமுட்டர் ரயில் சிரம்பானுக்கு வந்தது. லாபு, நீலாய், பாங்கி, காஜாங் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று வந்தாலும், கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். பத்துமலைக்கு வந்தாலும் சரி, மருத்துவமனைக்கு வந்தாலும் சரி, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் தேடி வந்தாலும் சரி, மத்தியானம் பன்னிரண்டு மணி ஆனால் எங்கள் ஆட்களின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். 2010-ல் அந்த இடத்துக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் வைத்து, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். வளைவும் விளக்கும் வந்தன. சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

ஒரு கடையை நான் பிரியாணியை வைத்து எடை போடுவதில்லை. பிரியாணியில் நெய்யும் ஏலக்காயும் எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும். ஆட்டிறைச்சியை வைத்தும் இல்லை. காசு நிறைய வாங்குகிற பண்டத்தை எவனும் கவனமாகத்தான் சமைப்பான். எனக்கு வெள்ளைச் சோறும் ரசமும் போதும். ரசம் என்பது நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டிய பொருள். நம் கடைகளில் பலவற்றில் அது காலை பத்து மணிக்கு அடுப்பில் ஏறி, சாயங்காலம் நாலு மணி வரை இறங்குவதே இல்லை. மூன்று மணிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். புளியும் கசப்பும் கலந்த ஒரு வெந்நீர் வரும். காசு கேட்காமல் கொடுப்பதுதானே என்று நினைக்கிற கடை, காசு வாங்குவதையும் அப்படித்தான் செய்யும்.

அடுத்தது காய்கறி. இலையில் மூன்று வகை வைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்றில் இரண்டு முட்டைக்கோஸ். ஒன்று மஞ்சள் போட்டது, ஒன்று மஞ்சள் போடாதது! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், முதலாளிக்கும் இது தெரியும். அதே ஊரில்தான் பங்சார் நிர்வாணா மாஜுவில் பாகற்காயை மொறுமொறுவென்று வறுத்துப் போடுகிறார்கள். பாகற்காயைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள். பாகற்காய் ஒன்றும் தங்கத்தில் விளைவதில்லை. ஸ்காட் சாலைப் பக்கம் சந்துக்குள் மேசை போட்ட லாவண்யா கடையில் முதன்முதலில் சாப்பிட்டபோதும் எனக்கு இதே எண்ணம்தான். கூரையையும் நாற்காலியையும் பார்த்தால் எங்கள் ஊர் ஒட்டுக்கடை மாதிரி இருந்தது. குழம்பு மட்டும் வீட்டுக் குழம்பு. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முடிகிறவர்கள் முடித்துக் காட்டுகிறார்கள்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். தலைநகரில் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். செட்டிநாடு, மதுரை, தஞ்சாவூர், ஆந்திரா. எல்லா ஊரும் இருக்கிறது. நம் தோட்டம் மட்டும் இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேரின் அப்பாவோ தாத்தாவோ பால் வெட்டியவர்தான்.

தோட்டத்துச் சமையல் என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்று நெறியாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இருக்கிறதம்மா. விடியற்காலை பெரட்டுக்குப் போவதற்கு முன் என் அம்மா அடுப்பு மூட்டிவிடுவார். தூக்குச்சட்டியில் சோறு, மேலே நெத்திலிச் சம்பால். பத்து மணி வாக்கில் நிரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி இல்லாமல் இந்தக் கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. அதனாலேயே எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் தொடமாட்டார். நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம். லயத்துக்குப் பின்னால் முருங்கை, வாழைப்பூ, பிஞ்சுப் பலாக்காய்ப் பிரட்டல். மாதக் கடைசியில் கை வறண்டால் சாடின் டின்.

மீன் குழம்பைச் சொல்ல மறக்கக்கூடாது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் மசாக் லெமாக் சிலி அப்பி உங்களுக்குத் தெரியும். மஞ்சள், தேங்காய்ப்பால், நாக்கைச் சுடும் சின்ன மிளகாய். பக்கத்துக் கம்பத்து மக்சிக்கிடம் அம்மா கற்றுக்கொண்டது, எங்கள் வீட்டுப் புளிக்குழம்புக்குள் புகுந்துவிட்டது. பாதிப் புளி, பாதித் தேங்காய்ப்பால், ஒரு துண்டு செரை. இந்தக் குழம்பு மதுரையிலும் கிடைக்காது, காரைக்குடியிலும் கிடைக்காது. இந்த மண்ணில் நாம் உண்டாக்கியது. இதை விற்பதற்கு நம் முதலாளிக்கு வெட்கமாக இருக்கிறது. காரைக்குடியைப் பார்க்காதவர் செட்டிநாடு என்று பலகை மாட்டுகிறார்.

விலைக்கு வருவோம். விலை ஏறியதற்கு நான் சண்டை போடவில்லை. அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, கடை வாடகை ஏறியது. வெறும் இலைச் சாப்பாடே பல இடங்களில் பத்து வெள்ளியைத் தாண்டிவிட்டது. பெரிய கடையென்றால் அதன்மேல் 6 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்த்தியபோதும், உணவுக்கு 6-லேயே விட்டு வைத்தார்கள். அதுவரை நல்லது.

என் சண்டை, விலையைச் சொல்லாமல் இருப்பதைப் பற்றி. ஒரு முறை என் பெரியம்மாவை அழைத்து வந்திருந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர், தோட்டத்தில் புல் வெட்டியவர். ஒரு கடையில் தட்டு நிறைய பொரித்த மீனை முகத்துக்கு நேராக நீட்டி, "எடுத்துக்கங்கம்மா" என்றார் பரிமாறியவர். பெரியம்மா, "எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். "அப்புறம் பில்லுல பார்த்துக்கலாம்மா." ஒரு துண்டு மீனுக்கு அந்தப் பில்லில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை கோலாலம்பூருக்கு வரும்போது பையில் சோறு கட்டிக்கொண்டு வந்தார். ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். உணவகம் நிறைந்த ஊரில்!

விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் 2011-லிருந்து இருக்கிறது. விலையை எழுதி வைக்க வேண்டும் என்பது கடைக்காரரின் தயவு அல்ல, கடமை. இப்போது சிலர் மேசையில் ஒரு கட்டத்தை ஒட்டி, கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என் பெரியம்மா எந்தக் கைப்பேசியில் பார்ப்பார்? சுவரில் ஒரு பலகை, தமிழிலும் மலாயிலும் பத்து வரி. இதற்கு எவ்வளவு செலவாகும்? 2023-ல் ஐந்து வெள்ளிக்கு ரஹ்மா உணவு என்று அரசாங்கம் கொண்டு வந்தபோது, ஐந்து என்பது எல்லாருக்கும் தெரிந்த எண்ணாக இருந்தது. ஏழை ஆள் கடைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முதலில் வேண்டியது அந்த எண்தான்.

கடைசியாக, ஆள் பற்றாக்குறை. ஐயா இதைத்தான் அதிக நேரம் பேசினார். ஊரிலிருந்து தம்பிகளை வரவழைக்க அனுமதி கிடைக்கவில்லை, உள்ளூர் ஆள் வருவதில்லை என்றார். அந்தத் தம்பிகளை நான் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டேன். 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்துவதற்கு முன், என் தாத்தாவும் கப்பலேறி அப்படி வந்தவர்தான். குடும்பத்தை விட்டுவிட்டு வந்து பின்கட்டில் பானை கழுவுகிறவன் வயிறு எரிய நான் பேசுவேனா?

2018 ஜூன் மாதம் மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், அடுத்த ஜனவரியிலிருந்து உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். உடனே பெரிய கூச்சல். அது கட்டாயமாகாமல் போயிற்று. போனது நல்லது என்றுதான் நானும் சொல்வேன். ஆறே மாதத்தில் ஆளை மாற்றினால் கடை மூட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூச்சலில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உள்ளூரில் சமைக்கத் தெரிந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்?

நான் சொல்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகிவிட்டன. செண்டாயான் பக்கம் போனால் இன்று வரிசை வரிசையாகக் கல்வீடு. அங்கே சமைத்த பெண்கள் இன்று நீலாயிலும் காஜாங்கிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீட்டில், பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு முந்நூறு பேருக்குக் குழம்பு கூட்டிய கைகள். ஐம்பத்தைந்து, அறுபது வயது. இன்னும் பத்து வருடம் போனால் அந்தக் குழம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது.

அவர்கள் ஏன் வருவதில்லை? காலை ஏழு மணிக்கு வா, இரவு பத்து மணிக்குப் போ, மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை என்றால் எந்தப் பாட்டி வருவார்? முழுநாள் ஆள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். இலைச் சாப்பாட்டின் உயிரே பதினொன்றிலிருந்து மூன்று மணிவரைதான். அதற்கு முன் மூன்று மணி நேரம் சமையல். காலை எட்டிலிருந்து மத்தியானம் மூன்று வரை இரண்டு அம்மாக்கள் போதும், உங்கள் ரசம் உருப்பட்டுவிடும்.

ஆகவே ஐயா, உங்களிடமே நேராகக் கேட்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அது சட்டம் சொல்கிற அடித்தட்டு. முந்நூறு பேருக்குக் குழம்பு வைக்கத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நீங்கள் மணிக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? பதினைந்தா, பதினெட்டா? இந்த நிகழ்ச்சி முடிவதற்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். நான் நீலாயில் இறங்கி ஆள் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் உங்கள் கடைக்கு அழைத்து வருகிறேன்.

(கைதட்டல்)