மருந்து தானமும் கண்ணொளியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

 

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் வகுத்தனர். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில் துறவியர்க்கு உறைவிடம் அமைத்தோருள் வெள்ளறை நிகமத்து வணிகரும் இருந்தனர் என அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு உரைக்கிறது. அவர்கள் தம் காலத்தின் தேவையறிந்து ஈந்தனர். நம் காலத்தின் தேவை ஒன்றை, மருந்து தானத்தின் பாற்பட்டதை, உங்கள்முன் வைக்கிறேன்.

நடக்கும் வழியில் எறும்பைக் கண்டு விலகவும், உணவில் சிற்றுயிர் உளதா எனப் பார்க்கவும், திருநூல்களை ஓதவும் நமக்குக் கண்ணே துணை. அக்கண்ணை நீரிழிவு நோய் ஓசையின்றிக் கவர்கிறது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசிகின்றன. தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் மங்குவதில்லை. மங்கிய பின்னர் வருவோர்க்கு இழந்த பார்வை பெரும்பாலும் முழுமையாக மீள்வதில்லை. முன்னரே கண்டறிந்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காக்க இயலும். ஆதலால் நீரிழிவு உடையோர் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்கள் வாயிலாகச் சிற்றூர் மக்களைத் தேடிச் சென்றது. அவ்வழியில் இன்று எளிய கருவியொன்றும் துணைநிற்கிறது. விழித்திரையைப் படமெடுக்க முன்பு மேசைமேல் நிறுத்திய பெரிய கருவி வேண்டும். இப்பொழுது வில்லைகளும் விளக்கும் இணைந்த செல்பேசிக் கைக்கருவி போதும். அது கண்மணியின் வழியே ஒளியைச் செலுத்தி, மீளும் ஒளியைப் படமாக்குகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்தே பயிற்சி பெற்ற ஒருவர் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பலாம்.

பெங்களூரில் உருவான இத்தகைய கருவியின் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு சென்னையில் ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். நோயுற்றோருள் 100-க்கு ஏறத்தாழ 96 பேரைக் கணினி இனங்கண்டது. ஆயினும் நோயற்றோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரையும் நோயுற்றவர் என்றது. எனவே கருவி ஐயத்தை எழுப்பும்; முடிவு கூறவேண்டியவர் மருத்துவரே. கண்புரை முற்றியவர்க்குப் படம் தெளிவாக அமையாது. தெளிவற்ற படம் நோயின்மைக்குச் சான்றன்று. அத்தகையோரைத் தவறாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

படம் எடுத்தவுடன் தானம் நிறைவுறுவதில்லை. நோயுண்டு என அறிந்தும், பேருந்துச் செலவுக்கும் ஒருநாள் கூலி இழப்புக்கும் அஞ்சி, உடன்வர ஆளின்றி, வீட்டிலேயே தங்கிவிடுவோர் உளர். ஆகவே நம் அறக்கட்டளை கண் மருத்துவமனையொன்றுடன் இணைந்து விழாதோறும் விழித்திரைச் சோதனை நடத்தட்டும். சிகிச்சை தேவைப்படும் ஒவ்வொருவர்க்கும் நம் இளைஞர் ஒருவர் துணையாகி, மருத்துவமனை வரை அழைத்துச் சென்று, சிகிச்சை முடியும்வரை உடனிருக்கட்டும். இப்பணி நம் இல்லத்து முதியோரிடமிருந்தே தொடங்கட்டும்.

பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமை அறம்; தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுப்பதும் அவ்வறத்தின் பகுதியே.

அறம் வாழ்க! ஜெய் ஜினேந்திரா!